தாம்பரம் வட்டாரத்தில் வீட்டுக் கணினிகளும் ரேம் பொருத்தமும்: ஒரு வரலாறு

பாகங்களைத் தனித்தனியாக வாங்கிக் கோத்து உருவாக்கப்படும் கணினியைச் சென்னை வழக்கில் அசெம்பிள் பண்ணின கம்ப்யூட்டர் என்பர். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், மேடவாக்கம், வேளச்சேரி முதலிய தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் 1990களின் நடுப்பகுதி முதல் வீடுகளுக்குள் வந்த கணினிகளில் பல இவ்வகையைச் சேர்ந்தவை. ஒரே நிறுவனத்தின் பெயர் பொறித்த கணினியில், எந்தப் பாகம் எதனுடன் ஒத்துப்போகும் என்பதை அந்த நிறுவனமே பார்த்துக்கொள்ளும். கோத்த கணினியில் அந்தப் பொறுப்பு கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் உரியது. அவற்றுள் அதிகக் கவனம் கோரிய பாகம் ரேம் எனப்படும் நினைவகம்.

ரேம் வாங்குவதில் இரண்டு வெவ்வேறு கேள்விகள் உள்ளன. அது ஸ்லாட்டில் பொருந்துமா என்பது ஒன்று. பொருந்தியபின் தாய்ப்பலகையும் செயலியும் அதை ஏற்றுக்கொள்ளுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குக் கண்ணே விடை சொல்லும். இரண்டாவதற்குக் கண் போதாது. கடந்த முப்பது ஆண்டுகளில் வீட்டுக் கணினி வைத்திருந்தோர் பணத்தையும் நாளையும் இழந்தது பெரும்பாலும் இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டதால்தான்.

பின்னணி

இன்று எல்லாக் கணினிகளிலும் உள்ள இயங்குநிலை நினைவகத்தின் அடிப்படைக் கருத்தை 1966-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய இராபர்ட் டென்னார்ட் உருவாக்கினார். ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து ஒரு பிட் தகவலைத் தாங்கும் அமைப்பு அது. 1970-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 1103 என்னும் சில்லு இவ்வகை நினைவகத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் கொள்ளளவு 1 கிலோபிட் மட்டுமே. பின்னர் ஜெடெக் என்னும் தர நிர்ணய அமைப்பு தொடுமுனைகளின் எண்ணிக்கை, மின்னழுத்தம், வேகம் ஆகியவற்றை வரையறுத்தது. அதனால்தான் கொரியாவில் செய்த ரேமைத் தைவானில் செய்த தாய்ப்பலகையில் செருகிச் சென்னையில் இயக்க முடிகிறது.

இந்தியாவில் 1984-ஆம் ஆண்டின் கணினிக் கொள்கையும் 1991-இன் பொருளாதாரத் தாராளமயமும் பாகங்களின் இறக்குமதியை எளிதாக்கின. 1997-இல் இந்தியா உலக வணிக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதன்படி பெரும்பாலான கணினிப் பாகங்களின் மீதான சுங்கவரி படிப்படியாகக் குறைந்து 2005-க்குள் நீங்கியது. நடுத்தரக் குடும்பம் ஒன்று சேமிப்பிலோ தவணையிலோ கணினி வாங்க எண்ணிப் பார்க்கும் நிலை இக்காலத்தில் உருவானது.

ஊரும் சந்தையும்

1984-இல் தாம்பரம் சானடோரியம் பகுதியில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி, மெப்ஸ் எனப்படும் சென்னை ஏற்றுமதி வளாகம் தொடங்கப்பட்டது. மின்னணுப் பொருள் செய்யும் நிறுவனங்களும் அங்கு இடம்பெற்றன. ஆனால் அது ஏற்றுமதிக்கான இடம். அங்கு வேலை பார்த்தவர் தம் வீட்டுக் கணினிக்கு ஒரு ரேம் வாங்க வேண்டுமானால், மற்றவர்களைப் போலவே நகருக்குள் போகவேண்டியிருந்தது.

போகும் இடம் ரிச்சி தெரு. அண்ணா சாலையை ஒட்டிய நரசிங்கபுரம் பகுதியில் உள்ள இத்தெருவும் அதன் சந்துகளும் வானொலி, தொலைக்காட்சி உதிரிப் பாகங்களுக்குப் பெயர் பெற்றிருந்தன. பின்னர் கணினிப் பாகங்களின் சந்தையாகவும் வளர்ந்தன. தில்லியின் நேரு பிளேசுக்கு அடுத்த பெரிய மின்னணுச் சந்தை என்று இதைச் சொல்வதுண்டு.

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் மின்தொடர் வண்டி ஓடுகிறது. தாம்பரத்தார் எழும்பூரிலோ பூங்கா நிலையத்திலோ இறங்கி ரிச்சி தெருவுக்குப் போவது வழக்கம். 2007-இல் பறக்கும் இரயில் வேளச்சேரி வரை நீண்டபின், அப்பகுதியினருக்குச் சிந்தாதிரிப்பேட்டை நிலையம் நேர்வழியாயிற்று. தெருவின் பெரும்பாலான கடைகள் ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. ஆகவே தவறான ரேமை வாங்கி வந்தவர் அதை மாற்ற இன்னொரு வேலைநாளை ஒதுக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையிலும் வேளச்சேரியிலும் கணினிக் கடைகள் பெருகியபின் இந்தச் சிரமம் குறைந்தது. எனினும் பழைய வகை ரேம் தேடுவோருக்கு இன்றும் ரிச்சி தெருவே கடைசிப் புகலிடம்.

எண்ணிக்கை முக்கியமாக இருந்த காலம்

தொடக்கக்காலக் கணினிகளில் நினைவகச் சில்லுகள் தாய்ப்பலகையிலேயே தனித்தனியாகச் செருகப்பட்டன. 1980களில் பல சில்லுகளை ஒரு சிறு பலகையில் வரிசையாகப் பதித்த சிம் வகை ரேம் பரவியது. இது கைப்பேசியின் சிம் அட்டையன்று. பெயர் மட்டுமே ஒன்று.

முதலில் வந்த 30 தொடுமுனைச் சிம் ஒரு நேரத்தில் 8 பிட் தகவலைத் தரும். 486 செயலியின் தகவல் பாதையின் அகலமோ 32 பிட். ஆகவே நான்கு ரேம்களைச் சேர்த்துப் போட்டால்தான் கணினி இயங்கும். மூன்று போட்டால் மூன்றும் வீண். அடுத்து வந்த 72 தொடுமுனைச் சிம் 32 பிட் அகலமுடையது. 486-க்கு அது ஒன்றே போதும். ஆனால் பென்டியம் செயலியின் பாதை 64 பிட் என்பதால் அதற்கு இரண்டு இரண்டாகப் போடவேண்டும். 8 மெகாபைட்டை 16 ஆக்க விரும்பிய பென்டியம் உரிமையாளர் 8 மெகாபைட் ரேம் ஒன்றை வாங்கிப் பயனில்லை. 4 மெகாபைட் ரேம் இரண்டு வாங்க வேண்டும். அதற்கும் காலி ஸ்லாட் இரண்டு இருக்கவேண்டும்.

இக்காலத்தில் உலோகமும் ஒரு சிக்கலாக இருந்தது. சில ரேம்களின் தொடுமுனைகள் தங்கப் பூச்சு உடையவை. சில வெள்ளீயப் பூச்சு உடையவை. ஸ்லாட்டுகளிலும் இதே வேறுபாடு உண்டு. தங்கமும் வெள்ளீயமும் தொட்டுக்கொண்டிருந்தால், நாளடைவில் தொடுமிடத்தில் ஆக்சைடு படிந்து இணைப்பு விட்டுவிட்டு வரும். தொடுமுனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துகளைத் துடைத்துவிட்டு மீண்டும் செருகும் பழக்கம், பழுது பார்ப்போரிடம் இன்றும் உள்ளது. ரேம் சரியாக அமராதபோது தாய்ப்பலகை எழுப்பும் நீண்ட பீப் ஒலியே இச்சிகிச்சைக்கான அறிகுறி. மென்மையான வெள்ளை ரப்பரே இதற்கு ஏற்றது; மணல் கலந்த கடின ரப்பர் பூச்சையே அரித்துவிடும்.

சில்லின் அடர்த்தி

1990களின் பிற்பகுதியில் 168 தொடுமுனை எஸ்டிரேம் வந்தது. இது 64 பிட் அகலம் உடையது என்பதால் ஒன்றே போதும். ஜோடி சேர்க்கும் தொல்லை நீங்கியது. அதற்குப் பதில் வேகம் என்னும் கணக்கு வந்தது. 66, 100, 133 மெகாஹெர்ட்சு என மூன்று வகைகள் அடுத்தடுத்து விற்பனைக்கு வந்தன. வேறுபட்ட வேகமுடைய இரண்டைச் சேர்த்துப் போட்டால், குறைந்த வேகமுடையதற்கு ஏற்பவே இரண்டும் ஓடும். ரேமின் விவரங்களைத் தாங்கும் எஸ்.பி.டி. என்னும் சிறு சில்லு ஒவ்வொரு ரேமிலும் இடம்பெற்றதும் இக்காலத்தில்தான். கணினி தொடங்கும்போது தாய்ப்பலகை அதைப் படித்துத் தன்னை அமைத்துக்கொள்ளும்.

பொருந்தினாலும் ஒத்துப்போகாத ரேமுக்குத் தெளிவான முதல் எடுத்துக்காட்டு இங்கே கிடைக்கிறது. 1998-இல் வெளிவந்த இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் நீண்டகாலம் புகழ்பெற்றிருந்தது. அது 128 மெகாபிட் சில்லுகள் வரையே முழுமையாக அறியும். 256 மெகாபைட் ரேமில் 16 சில்லுகள் இருந்தால் ஒவ்வொன்றும் 128 மெகாபிட். கணினி முழு அளவையும் காட்டும். அதே 256 மெகாபைட்டை எட்டே சில்லுகளில் அடக்கிய புதிய ரேம் போட்டால், பாதி அளவான 128 மட்டுமே தெரியும். ரேமில் பழுதில்லை, தாய்ப்பலகையிலும் பழுதில்லை. இரண்டும் வெவ்வேறு ஆண்டுகளின் கணக்கில் செய்யப்பட்டவை, அவ்வளவே. சில்லுகளை எண்ணிப் பார்த்து ரேம் வாங்கும் பழக்கம் இத்தகைய அனுபவங்களால் ஏற்பட்டது.

அக்கால ரேம் சில்லுகளில் ஹூண்டாய் என்னும் பெயரை அடிக்கடி காணலாம். தாம்பரத்துக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கிய அதே கொரியக் குழுமத்தின் மின்னணுப் பிரிவு அது. 2001-இல் அப்பிரிவு ஹைனிக்ஸ் எனப் பெயர் மாறியது; 2012 முதல் எஸ்.கே. ஹைனிக்ஸ்.

2000-இல் வெளிவந்த பென்டியம் 4 முதலில் ராம்பஸ் வகை நினைவகத்தையே ஏற்றது. விலை அதிகமான அந்த ரேமை இரண்டு இரண்டாகப் போடவேண்டும். காலி ஸ்லாட்டுகளையும் வெற்றுப் பலகைகளால் அடைத்தால்தான் கணினி இயங்கும். 2001-இல் எஸ்டிரேம் ஏற்கும் 845 சிப்செட்டும், பின் டிடிஆர் ஏற்கும் அதன் மறுவடிவும் வந்தபின் ராம்பஸ் வழக்கொழிந்தது. ராம்பஸ் கணினி வைத்திருந்தவர் நினைவகத்தைக் கூட்ட விரும்பினால், மலிந்துவந்த டிடிஆர் அவருக்குப் பயன்படவில்லை.

நினைவகமும் தமிழும்

ரேமின் அளவு தமிழில் எழுதுவோரையும் நேரடியாகத் தொட்டது. விண்டோசு 98 இயங்க 16 மெகாபைட் போதுமென மைக்ரோசாப்டு அறிவித்திருந்தது. அதில் தமிழை எழுதப் பல்வேறு தனிக் குறியாக்க எழுத்துருக்கள் பயன்பட்டன. ஒரு எழுத்துருவில் எழுதியது வேறொரு கணினியில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. ஒருங்குறித் தமிழை இயல்பாகக் காட்டிய முதல் விண்டோசு, 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோசு 2000 ஆகும். அதற்கு 64 மெகாபைட் வேண்டும். அடுத்த ஆண்டு வந்த விண்டோசு எக்ஸ்பிக்கு 128 மெகாபைட் பரிந்துரைக்கப்பட்டது. 32 மெகாபைட் ரேமுடன் கணினி வாங்கிய குடும்பம் ஒருங்குறித் தமிழுக்கு வர, இயங்குதளத்துடன் ரேமையும் மாற்றவேண்டியிருந்தது. பழைய தாய்ப்பலகை எவ்வளவு ரேமை ஏற்கும் என்பதே, அந்த வீட்டில் தமிழ் எப்படித் தெரியும் என்பதையும் முடிவு செய்தது.

வெட்டு காத்ததும் காக்காததும்

2000-க்குப் பின் ரேமின் வரலாறு டிடிஆர் தலைமுறைகளின் வரலாறு ஆகும். முதல் டிடிஆர் 184 தொடுமுனைகளும் 2.5 வோல்ட் மின்னழுத்தமும் கொண்டது. டிடிஆர்2-க்கு 240 தொடுமுனை, 1.8 வோல்ட். டிடிஆர்3-க்கும் 240 தொடுமுனைதான், ஆனால் 1.5 வோல்ட். டிடிஆர்4-க்கு 288 தொடுமுனை, 1.2 வோல்ட். 2020-இல் வரையறுக்கப்பட்ட டிடிஆர்5-க்கும் 288 தொடுமுனை, 1.1 வோல்ட். எண்ணிக்கை ஒன்றாக இருப்பவற்றை மாற்றிச் செருகிவிடாமலிருக்க, ரேமின் விளிம்பில் உள்ள சிறு வெட்டு ஒவ்வொரு தலைமுறையிலும் சற்றே நகர்த்தி வைக்கப்பட்டது. தவறான தலைமுறை ரேம் ஸ்லாட்டில் இறங்காது. வலிந்து அழுத்தினால் உடைவது ஸ்லாட்தான்.

தலைமுறை மாறிப்போகாமல் வெட்டு காத்தது. ஒரே தலைமுறைக்குள் இருக்கும் வேறுபாடுகளை அது காட்டாது. அவற்றுள் மூன்று குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, 2008-இல் வெளிவந்த ஜி41 சிப்செட். மலிவான இந்தத் தாய்ப்பலகைகளில் பல டிடிஆர்3 ஏற்றவை. ஆனால் இந்த சிப்செட் 2 கிகாபிட்டுக்கு மேற்பட்ட சில்லுகளை அறியாது. 4 கிகாபைட் ரேம் வேண்டுமானால் இருபுறமும் சேர்த்து 16 சில்லுகள் உள்ளதையே தேட வேண்டும். பின்னாளில் பெருகிய எட்டுச் சில்லு ரேமைச் செருகினால் கணினி தொடங்காது. டிடிஆர்3, 4 கிகாபைட், 1333 என்று வில்லையில் அச்சிட்டது எல்லாம் சரியாக இருந்தும் இப்படி நேரும்.

இரண்டாவது, ஏ.எம்.டி. செயலிகளில் மட்டும் வேலை செய்யும் ரேம்கள். தரவரையறைக்கு வெளியே சில்லுகளை அடுக்கிச் செய்த இவை, டிடிஆர்2, டிடிஆர்3 காலங்களில் இணையச் சந்தைகளில் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. இன்டெல் பலகைகள் இவற்றை ஏற்பதில்லை.

மூன்றாவது, பழைய சேவையகங்களிலிருந்து கழற்றி விற்கப்படும் ரெஜிஸ்டர்டு வகை ரேம். டிடிஆர்4 காலத்தில் இதன் வெட்டும் சாதாரண ரேமின் வெட்டும் ஒரே இடத்தில் இருந்தன. வீட்டுக் கணினியில் அழகாக அமரும். திரை மட்டும் வராது.

இக்காலத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. ரேமை ஆளும் நினைவகக் கட்டுப்படுத்தி, முன்பு தாய்ப்பலகையின் சிப்செட்டில் இருந்தது. ஏ.எம்.டி. 2003-இலும் இன்டெல் 2008 முதலும் அதைச் செயலிக்குள் கொண்டுசென்றன. அதன்பின் தாய்ப்பலகையின் பெயரைச் சொல்லி ரேம் கேட்பது பாதி விவரம்தான். செயலியின் பெயரும் வேண்டும். பெட்டியில் 3200 அல்லது 3600 என்று அச்சிட்ட ரேம் அந்த வேகத்தில் ஓடவேண்டுமானால், செயலியும் பலகையும் அதை அனுமதிக்க வேண்டும். பல ரேம்களில் எக்ஸ்.எம்.பி. என்னும் அமைப்பைப் பயாசில் இயக்கவும் வேண்டும். எச்310 போன்ற மலிவு பலகைகள் 2666-க்கு மேல் ஏறுவதில்லை. அவற்றில் கூடுதல் வேகத்துக்குக் கொடுத்த விலை பயன் தருவதில்லை.

2011-இல் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபின், மடிக்கணினியின் ரேமும் வீட்டுப் பேச்சில் இடம்பெற்றது. அதன் ரேம் நீளத்தில் சிறியது. டிடிஆர்3-இல் 204 தொடுமுனை உடையது. மேசைக் கணினியின் ரேமை அதற்கோ, அதனுடையதை மேசைக் கணினிக்கோ மாற்ற முடியாது.

2015 வெள்ளம்

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் பெய்த பெருமழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம், பெருங்களத்தூர், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தரையில் வைத்திருந்த கணினிப் பெட்டிகள் மூழ்கின.

வெள்ளத்தில் நனைந்த கணினியில் மின்வழங்கியும் வன்தட்டும் பெரும்பாலும் தேறா. அசையும் பாகம் இல்லாத ரேமோ, மின்சாரம் ஓடாத நிலையில் நனைந்திருந்தால், சேற்றைக் கழுவி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்கு உலர்த்தியபின் பிழைக்க வாய்ப்புண்டு. ஆனால் பிழைத்த ரேமுக்கு ஏற்ற பலகை கடையில் கிடைப்பது வேறு. அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் இன்டெலின் ஆறாம் தலைமுறைச் செயலிகள் வெளிவந்து, வீட்டுக் கணினி டிடிஆர்3-இலிருந்து டிடிஆர்4-க்கு மாறத் தொடங்கியிருந்தது. ஆறாம் தலைமுறையில் டிடிஆர்3 ஏற்கும் பலகைகள் சில வந்தன. அவை 1.35 வோல்ட்டில் இயங்கும் குறை மின்னழுத்த ரேமுக்கு உரியவை. பழைய 1.5 வோல்ட் ரேமை அவற்றில் தொடர்ந்து பயன்படுத்துவதை இன்டெல் ஏற்கவில்லை. ஆகவே ரேமைக் காப்பாற்றியவருக்கு இரண்டு வழிகளே இருந்தன: எச்61, எச்81 போன்ற முந்தைய தலைமுறைப் பலகையைத் தேடி வாங்குவது, அல்லது காப்பாற்றியதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் புதிதாக வாங்குவது.

இன்றைய நிலை

2021-இல் தாம்பரம் மாநகராட்சியானது. அதே ஆண்டின் இறுதியில் டிடிஆர்5 ரேம் வீட்டுக் கணினிக்கு வந்தது. இன்டெலின் பன்னிரண்டாம் தலைமுறைச் செயலிகள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும். ஆனால் ஒரு பலகை இவற்றுள் ஒன்றுக்கு மட்டுமே செய்யப்படுகிறது. பி660 என்ற ஒரே பெயரில் இருவகைப் பலகைகளும் விற்கப்படுவதால், மாதிரிப் பெயரைக் கடைசி எழுத்து வரை பார்க்க வேண்டும். 2022-இல் வந்த ஏ.எம்.டி.யின் ஏஎம்5 பலகைகள் டிடிஆர்5 மட்டுமே ஏற்பவை.

முன்பு இத்தகைய விவரங்கள் அனுபவமுள்ள கடைக்காரரின் நினைவில் இருந்தன. இப்போது தாய்ப்பலகை நிறுவனங்களே தாம் சோதித்துப் பார்த்த ரேம்களின் பட்டியலை இணையத்தில் தருகின்றன. சிபியு-இசட் போன்ற செயலிகளால் கணினியில் உள்ள ரேமின் தலைமுறை, வேகம், செய்த நிறுவனம் ஆகியவற்றைப் பெட்டியைத் திறக்காமலே அறியலாம். புதிய ரேம் போட்டபின் மெம்டெஸ்ட்86 கொண்டு ஓரிரவு சோதிக்கலாம். திருப்பிக் கொடுக்கும் காலக்கெடுவுக்குள் பழுது தெரிந்துவிடும்.

வாங்கப் போகுமுன் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டியவை ஐந்து: தாய்ப்பலகையின் முழு மாதிரிப் பெயர், செயலியின் பெயர், இப்போதுள்ள ரேமின் விவரம், காலி ஸ்லாட்டுகளின் எண்ணிக்கை, பலகை ஏற்கும் மிகுதியான அளவு. இரண்டு ஸ்லாட் உள்ள பலகையில் ஒரே அளவுள்ள இரண்டு ரேம் போட்டால், இரு தடங்களும் சேர்ந்து இயங்கி வேகம் கூடும். பழைய பலகையானால் சில்லுகளின் எண்ணிக்கையையும் கேட்டு வாங்குதல் நலம். வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். ரேமுக்குப் பல ஆண்டு உத்தரவாதம் தரும் நிறுவனங்கள் உண்டு.

2025-இன் இறுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கியதால் உலகெங்கும் ரேம் விலை ஏறியது. அதனால், வீட்டில் உள்ள டிடிஆர்3, டிடிஆர்4 கணினிக்கு ஒத்துப்போகும் ரேம் ஒன்றைத் தேடிப் போட்டு அதையே இன்னும் சில ஆண்டு ஓட்டுவது மீண்டும் சிக்கனமான வழியாகியுள்ளது. கல்லூரிக்குப் போகும் மாணவர் ஒருவருக்கு, 4 கிகாபைட்டில் திணறும் கணினியை 8 ஆக்குவது புதிய கணினி வாங்குவதைவிடப் பல மடங்கு மலிவு. அந்த மலிவு கைகூடுவதும் வீணாவதும் மேற்சொன்ன தாளில் உள்ள விவரங்களைப் பொறுத்தது.